49 நாள் நகராத கார்

இரும்பும் மின்சாரமும் – 12

'மெக்கானிசம்', 'எலக்ட்ரானிக்ஸ்' இரண்டையும் ஒட்டி 'மெக்கட்ரானிக்ஸ்' என்ற சொல்லை 1969-இல் யாஸ்காவா எலக்ட்ரிக் பொறியாளர் டெட்சுரோ மோரி உருவாக்கியதைப் போன வாரம் பார்த்தோம். சொற்களை ஒட்டிவிடலாம், ஆட்களை ஒட்டவைப்பதுதான் பெரும்பாடு.

1995 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் 'பிரியஸ்' என்றொரு மாதிரிக் காரை டொயோட்டா காட்சிக்கு வைத்தது. அடுத்த மாதம், ஓட்டிப் பார்ப்பதற்கான முதல் கார் தயாரானது. அசையவில்லை. 49 நாள் அப்படியே நின்றது. ஒருவழியாகக் கிளம்பியபோதும் சில நூறு மீட்டர்தான் ஓடியது.

யார் மேல் குற்றம் சொல்வது? இந்த ஒரே காருக்குள் பெட்ரோல் எஞ்சின், மின்மோட்டார், ஜெனரேட்டர், பேட்டரி, இத்தனையையும் மேய்க்கும் மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு நியாயம்.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோமே. சாதாரணக் காரில் மிதித்தால் எண்ணெய் அழுத்தம் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். பிரியஸில் மோட்டாரே மின்சாரம் தயாரிக்கும் கருவியாக மாறி, வண்டியின் வேகத்தை உறிஞ்சி பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் வாங்கிக்கொள்ளாது. அந்தக் கணமே மீதி வேலையை எண்ணெய் பிரேக் ஏற்றாக வேண்டும். ஓட்டுபவரின் காலுக்கு இந்தக் கைமாற்றம் தெரியவே கூடாது. பேட்டரியின் வேதியியல் தெரிந்தவர் சொல்லும் ஓர் எண்ணை வைத்துத்தான் பிரேக் பொறியாளர் தன் அழுத்தத்தைக் கணக்கிட முடியும். அவர் கணக்கு மென்பொருளுக்குள் போக வேண்டும். மூவரும் மூன்று கட்டடங்களில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் கார் எப்போது ஓடுவது?

தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாடா. அதிர்வு, இரைச்சல் சோதனைகளில் வேலை பழகியவர். ஒரு புதுக் காரை முன்னின்று உருவாக்கிய அனுபவம் இல்லை. தலைமைப் பொறியாளர் துறை துறையாகப் போய்ப் பேசிவிட்டுத் தானே முடிவெடுப்பது டொயோட்டாவின் அன்றைய வழக்கம். தனக்கு எல்லாம் தெரியாது என்று உச்சியமாடாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு பெரிய அறையைப் பிடித்தார். எல்லாத் துறை வல்லுநர்களையும் அங்கே வரவழைத்தார். சுவரெங்கும் வரைபடங்கள், கால அட்டவணைகள், தீராத சிக்கல்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'ஓபெயா'. ஜப்பானிய மொழியில் 'பெரிய அறை' என்று பொருள். பெயர் வைப்பதில் யாரும் மெனக்கெடவில்லை. எல்லாம் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்த அறையே தோன்றியிருக்காது என்று எனக்குப் படுகிறது.

அறை கிடைத்ததும் கார் பறந்துவிடவில்லை. மேலதிகாரிகள் ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து இருக்கையில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து பேட்டரிச் சூட்டைக் கவனித்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. இதற்கிடையில் நிறுவனத் தலைவர் ஹிரோஷி ஒகுடா, காரை விற்பனைக்குக் கொண்டுவர 1998 கடைசிக்கு வைத்திருந்த கெடுவை ஒரு வருடம் முன்னால் இழுத்துவிட்டார்.

1997 டிசம்பரில் பிரியஸ் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது.

அறை கிடைக்காதவர்கள் கதை அடுத்த வாரம்: ஹாம்பர்க்கில் தயாரான மின்கம்பிகள், டுலூஸில் நின்ற ஏர்பஸ் ஏ380 விமானத்துக்குள் பொருந்தாமல் போன கதை.