பந்தின் தையலும் காற்றும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கிரிக்கெட் பந்து நேராக வந்துகொண்டே இருந்து, மட்டைக்கு அருகில் வந்ததும் ஒரு பக்கமாக விலகிச் செல்வதைத் தொலைக்காட்சியில் நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். இதனை 'ஸ்விங்' என்பார்கள். காற்றே வீசாத நாளிலும் இது நடக்கிறது. எறிந்த பந்து ஏன் பக்கவாட்டில் போக வேண்டும்? பந்தின் நடுவில் ஓடும் தையல்தான் காரணம்.

இதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் ஆவடிப் பக்கம் ஒரு பயிற்சி முகாமுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "பெண் பிள்ளைகளுக்கு வேகம் கிடையாதும்மா. வேகம் இல்லாமல் ஸ்விங் வராது. நீ சுழற்பந்து போடு" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனாலும் அன்று பேருந்தில் வீடு வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. அவர் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டுமென்றால், முதலில் பந்தைப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் பந்தின் உள்ளே கார்க்கும் நூலும், மேலே தோலும் இருக்கின்றன. தோலின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பூமத்திய ரேகை போல ஆறு வரிசைத் தையல் பந்தைச் சுற்றி ஓடுகிறது. பெண்கள் ஆடும் பந்தின் எடை 140 முதல் 151 கிராம் வரை. ஆண்களுடையது சற்றுக் கூடுதல். நம் நாட்டு டெஸ்ட் ஆட்டங்களுக்கு உரிய எஸ்.ஜி. பந்துகள் மீரட் நகரில் கையால் தைக்கப்படுகின்றன. அவற்றின் தையல் விரலால் தடவினால் நன்றாக மேடு தட்டும். அந்தச் சிறு மேடுதான் காற்றோடு விளையாடுகிறது.

வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வீசுவதாக வைத்துக்கொள்வோம். தையலை நேரே வைக்காமல், முதல் 'ஸ்லிப்'பில் நிற்பவரைக் காட்டுவது போலச் சற்றே இடப்புறம் சாய்த்து வீசுகிறோம். இப்போது பந்தின் வலப்பக்கம் செல்லும் காற்று வழவழப்பான தோலின் மீது அமைதியாக ஓடுகிறது. ஆனால் அது பலமில்லாத ஓட்டம். பந்தின் பாதி தூரம் போகும் முன்பே தோலை விட்டுப் பிரிந்துவிடுகிறது. இடப்பக்கம் செல்லும் காற்றோ தையலில் இடறிக் கலங்குகிறது. கலங்கிய காற்று தனக்கு மேலே வேகமாகப் போகும் காற்றோடு கலந்து வலுப்பெறுவதால், பந்தை ஒட்டியே பின்பக்கம் வரை வளைந்து செல்கிறது. இதனால் பந்தின் பின்னால் விடப்படும் காற்று மொத்தத்தில் வலப்புறமாகத் தள்ளப்படுகிறது. பந்து காற்றை வலப்புறம் தள்ளினால், காற்று பந்தை இடப்புறம் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம்! சுருங்கச் சொன்னால், புதிய பந்தில் தையல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கமே பந்து போகும்.

ஆனால் தையல் வழியெல்லாம் அதே சாய்வில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் விரல்களால் பந்தைப் பின்னோக்கிச் சுழற்றி விடுகிறார்கள். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் பந்தின் தையலும் ஆடாமல் நிற்கிறது.

நம் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடும் தோழியர், "எங்கள் பந்திலும் தையல் உண்டே" எனக் கேட்கலாம். உண்டு. ஆனால் அது பாம்பு போல வளைந்து வளைந்து செல்கிறது. பந்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரே கோடு அங்கே இல்லை. ஆகவே 43 அடி தூரத்திலிருந்து வீசும் அவர்கள் பெரும்பாலும் சுழற்சியையே நம்புகிறார்கள். பந்தைத் தையலுக்குக் குறுக்கே பிடிப்பதா, ஒட்டிப் பிடிப்பதா என்பதும் அவர்களுக்கு முக்கியமே.

கடைசி நேரத்தில் பந்து 'திடீரென்று' திரும்புவதாகத் தோன்றுவதும் ஒரு கணக்குத்தான். பக்கவாட்டு விசை ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், விலகும் தூரம் காலத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். பாதி நேரத்தில் கால் பங்குதான் விலகியிருக்கும். மீதி முக்கால் பங்கும் பின்பாதியில், ஆட்டக்காரர் மட்டையை எடுத்த பிறகு நடக்கிறது! பாவம் அவர்.

இனி அந்தப் பெரியவரின் கூற்றுக்கு வருவோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கத்தில் பந்துகளைச் சுழற்றிவிட்டு அளந்து பார்த்தார்கள். பிற்காலத்தில் நாசாவில் பணியாற்றிய ரவீந்திர மேத்தாவும் உடனிருந்த மூவரும் இதுபற்றி 1983-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தையலின் சாய்வு சுமார் 20 பாகை, சுழற்சி நொடிக்குச் சுமார் 11 சுற்று, வேகம் மணிக்குச் சுமார் 70 மைல். அப்போதுதான் ஸ்விங் மிகுதி. 70 மைல் என்பது 112 கிலோமீட்டர். அதற்கு மேல் வேகம் கூடக்கூட, வழவழப்பான பக்கத்துக் காற்றும் தானாகவே கலங்கத் தொடங்குவதால் ஸ்விங் குறைகிறது.

இந்தியாவின் ஜூலன் கோஸ்வாமி வீசியது 120 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான். ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட் எடுத்து 2022-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஜூலை 29 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ரேணுகா சிங், ஆஸ்திரேலியாவின் முதல் நான்கு விக்கெட்டுகளை 18 ரன்கள் மட்டும் கொடுத்து வீழ்த்தினார். (அந்த ஆட்டத்தில் நாம் தோற்றுவிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ரேணுகா அதிவேகப் பந்து வீச்சாளர் அல்லர். ஆக, பெண்கள் வீசும் வேகம் ஸ்விங்குக்குத் தடையன்று. அதற்கு ஏற்ற வேகமே அதுதான்.

வானம் மேகமூட்டமாக இருந்தால் ஈரக் காற்று கனத்துப் பந்து அதிகம் திரும்பும் என்றும் சொல்வார்கள். உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும் ஈரத்திற்கும் ஸ்விங்குக்கும் தொடர்பு காணப்படவில்லை. மேகம் மூடினால் தரை சூடேறாமல் காற்று அசைவற்றிருப்பது காரணமாக இருக்கலாம் என்றே அதில் கருதினார்கள்.

நான் இப்போது மாலையில் நம் மைதானச் சுவரை நோக்கி வீசிப் பழகுகிறேன். தையல் ஆடாமல் போனால் சிவப்புப் பந்தில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிகிறது. ஆடினால் கலங்கித் தெரிகிறது. பத்துப் பந்தில் மூன்றோ நான்கோதான் தெளிவாகப் போகின்றன. பந்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளைச் சீருடையில் சிவப்புக் கறை பிடித்ததற்கு சிஸ்டரிடம் இரண்டு முறை திட்டு வாங்கினேன். இப்போது அதற்கென்று பழைய கைக்குட்டை ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.