பாலைவனத்தில் பந்தல் போடப் போகிறீர்களா?

பந்தல் போடுவது நமக்கு என்ன பெரிய வித்தையா? நாலு கால், ஒரு தார்ப்பாய், கொஞ்சம் கயிறு. இந்தத் தைரியத்தில்தான் கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், கடையில் வாங்கிய மடக்குக் கூரையைக் காரில் ஏற்றிக்கொண்டு நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்குக் கிளம்புகிறார்கள்.

அது லஹோன்டான் என்ற ஆதிகால ஏரி வற்றிப்போன தரை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். மரமோ புதரோ இல்லாத வெட்டவெளி. 1990 முதல் பர்னிங் மேன் என்ற கலைவிழா நடப்பது இங்கேதான். ஆகஸ்ட் கடைசியில் எழுபதாயிரம் பேர் அளவுக்குக் கூடுகிறார்கள். பகல் வெயில் 38 டிகிரியைத் தொடும். வெயிலை நினைத்துப் பந்தல் போடுகிறார்கள்; பந்தலைச் சாய்ப்பதோ காற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, எதிரே நிற்கும் துணியைச் சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ பாரத்தோடு தள்ளும். பத்தடிக்குப் பத்தடித் துணி முழுசாகக் காற்றைப் பிடித்தால் 350 கிலோவுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. காலையில் அசையாமல் நின்ற கூரை சாயங்காலம் பக்கத்துக் கூடாரத்தின்மேல் போய் விழுவது இதனால்தான். விழும்போது அதன் அலுமினியக் கால்களும் சேர்ந்தே விழுகின்றன.

கூடாரத்தோடு வரும் ஆறு அங்குல முளைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அங்கே பழகியவர்கள் இரண்டு விதமாக அடிக்கிறார்கள். ஒன்று, கட்டட வேலைக்கான அரை அங்குல முறுக்குக் கம்பி. இரண்டிலிருந்து மூன்று அடி நீளம், தலை கைத்தடிபோல் வளைந்திருக்க வேண்டும். நேர்க்கம்பியின் நுனி தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இருட்டில் யார் காலையாவது கிழிக்கும்; டென்னிஸ் பந்தையாவது குத்தி மூடுங்கள். இன்னொன்று, ஓரடிக்கு மேல் நீளமுள்ள லாக் போல்ட் என்ற திருகாணி. இம்பாக்ட் டிரைவரால் திருகி இறக்கலாம், அதே கருவியைத் திருப்பிச் சுற்றி எடுத்துவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான். கடைசி நாள் அலுப்பில் கம்பி பிடுங்கியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கயிறு 45 டிகிரி சாய்வில் இறங்கட்டும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம்; அறுந்தால் கொக்கி கண்ணைத் தேடி வரும். தார்ப்பாய்க்குப் பதில் நம் ஊர் நர்சரிகளில் கட்டும் நிழல்வலை மாதிரி ஒன்று போதும். காற்றில் ஒரு பகுதி கண்ணி வழியே போய்விடும். வலைக்கும் அதன் கீழே போடும் கூடாரத்துக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருந்தால் சூடு அவ்வளவாக உள்ளே இறங்காது. புழுதிப் புயலுக்குப் பயந்து நாலு பக்கமும் மூடிவிட்டு உள்ளே அடுப்போ ஜெனரேட்டரோ வைக்கிறவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும்.

நிழல் இருந்தும் ஒருவர் உளற ஆரம்பித்தால், தடுமாறினால், அது வெப்பவாதமாக இருக்கலாம். வியர்க்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

இனி சட்டம். அந்த நிலம் அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. நெவாடா மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்திய அரசு நிலத்தில் அது குற்றமே. விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு அபராதத்தோடு நிற்காது.

அதிகாரி வந்து உள்ளே பார்க்க வேண்டும் என்றால்? நெவாடாவையும் உள்ளடக்கிய 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது முகாமில் போட்ட கூடாரத்துக்கும் வீட்டைப்போல அந்தரங்க உரிமை உண்டு என்று 1993இல் தீர்ப்பளித்தது. 2000இல் இன்னொரு வழக்கில், இதே துறையின் நிலத்தில் இருந்த ஒரு தற்காலிகக் கூடாரத்துக்கும் அந்த உரிமையை நீட்டித்தது. ஆனால் பக்கம் திறந்த பந்தலில், வெளியே நின்று பார்த்தால் தெரிகிற எதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. “சோதனைக்கு எனக்குச் சம்மதமில்லை” என்று பணிவாகச் சொல்லலாம். அதற்கு மேல் கையை நீட்டித் தடுக்காதீர்கள். மீதியை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம்.

பறந்த பந்தல் யார் மண்டையையாவது உடைத்தால் பொறுப்பு யாருக்கு? படுகாயமோ மரணமோ நேரலாம், அந்த ஆபத்தை நானே ஏற்கிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் விழாவுக்கு டிக்கெட் வாங்குகிறோம். அமைப்பாளர்மேல் வழக்குப் போடுவது லேசல்ல. சரியாகக் கட்டாமல் விட்ட பக்கத்துக்காரர் கதை வேறு. நெவாடா சட்டப்படி உங்கள் தவறு எதிராளியின் தவறைவிட அதிகமாக இல்லாதவரை இழப்பீடு கேட்கலாம். அதிலே உங்கள் பங்கைக் கழித்துக்கொள்வார்கள். உடற்காயத்துக்கு வழக்குத் தொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. முளை, கயிறு, விழுந்த இடம் எல்லாவற்றையும் அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். பறந்தது உங்கள் பந்தல் என்றால், வாடகை வீட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸைத் தேடி எடுங்கள். வீட்டுக்கு வெளியே நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கும் பொதுவாக அதில் இடமுண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை.

காயம் பெரிதென்றால், பெரிய மருத்துவமனைக்கு ரீனோ நகரம் போக வேண்டும், சுமார் 190 கிலோமீட்டர். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், அவசரப் பிரிவில் பரிசோதித்து உயிர் ஆபத்தைத் தணித்தே ஆக வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். பில் வராது என்று அர்த்தமில்லை. ஹெலிகாப்டரில் ஏற்றினால், அமெரிக்க மருத்துவக் காப்பீடு உள்ளவருக்கு 2022 முதல் வேறொரு சட்டத்தால் திடீர்ப் பில்லிலிருந்து பாதுகாப்பு உண்டு. தரையில் போகும் ஆம்புலன்ஸை அந்தச் சட்டம் தொடவில்லை.

விழா முடிந்தபின் நிலத் துறை தரையைச் சோதிக்கும். சராசரியாக ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை இருக்கக் கூடாது. புழுதிக்குள் புதைந்த ஒற்றைக் கம்பி அடுத்து வருகிறவரின் டயரைக் கிழிக்கும். எத்தனை அடித்தோம் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால், கிளம்பும்போது எண்ணிப் பிடுங்கலாம்.