நிலவின் மண் கைக்கு வரவேண்டும்

2003 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டையில் கொடியேற்றிவிட்டுப் பேசிய பிரதமர் வாஜ்பாய், 2008க்குள் இந்தியா நிலவுக்கு விண்கலம் அனுப்பும், அதன் பெயர் சந்திரயான்-1 என்று அறிவித்தார். இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 18 அன்று, அதே டெல்லியில் கூடிய மத்திய அமைச்சரவை சந்திரயான்-4 திட்டத்துக்கு ரூ.2,104.06 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்தது. முதல் கலத்தின் வேலை நிலவைச் சுற்றிவந்து பார்ப்பது. நான்காவதன் வேலை நிலவில் இறங்கி, மண்ணையும் கல்லையும் அள்ளிக்கொண்டு பூமிக்குத் திரும்புவது. கொண்டுவரப்போவது சில கிலோ மண்தான். அதற்கு இரண்டாயிரம் கோடியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வேற்றுலகங்களின் தரையைப் பற்றிய நம் அறிவு மூன்று படிகளில் வளர்கிறது: மேலிருந்து பார்ப்பது, இறங்கி அளப்பது, எடுத்துவந்து ஆராய்வது. ஒவ்வொரு படியும் முந்தைய படி சொன்னதைச் சரிபார்க்கிறது, சில நேரம் திருத்துகிறது. இரண்டு படி ஏறிவிட்ட இந்தியா மூன்றாவதில் கால்வைக்கத் தயங்கினால், இதுவரை செலவழித்ததன் பலனையே முழுதாகப் பெற முடியாது.

மேலிருந்து பார்ப்பதன் வலிமைக்குச் சந்திரயான்-1 நல்ல சான்று. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய சில அலைநீளங்களை விழுங்கிவிடும். எந்த அலைநீளம் குறைகிறது என்று பார்த்தால் கீழே என்ன கிடக்கிறது என்று ஊகிக்கலாம். 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்தக் கலத்தில் நாசாவின் கனிம வரைபடக் கருவியும் இருந்தது. அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த கற்கள் சுத்தமாக உலர்ந்தவை என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அவற்றில் தென்பட்ட ஈரத் தடயத்தைக்கூடப் பூமியின் காற்றிலிருந்து ஒட்டியது என்று தள்ளிவைத்தார்கள். அந்த நம்பிக்கையை 2009 செப்டம்பரில் வெளியான சந்திரயான்-1 முடிவுகள் உடைத்தன. 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே ஒளி விழுங்கப்பட்டிருந்தது நீரின் அடையாளம். காசினி, டீப் இம்பாக்ட் ஆகிய கலங்களின் பதிவுகளும் அதற்கு வலுச்சேர்த்தன. ஆனால் ஒரு சிக்கல். அந்த அலைநீளத்தில் நீர் மூலக்கூறும், கனிமத்தோடு ஒட்டிக்கிடக்கும் ஹைட்ராக்சிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்தறிய 6 மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டியிருந்தது. விமானத்தில் பொருத்திய சோபியா தொலைநோக்கி 2020இல்தான் கிளேவியஸ் பள்ளத்தில் நீர் மூலக்கூறை உறுதிசெய்தது. சுற்றுக்கலம் சரியான கேள்வியைக் கொண்டுவந்தது. அதற்கான விடையை அதனால் முடித்துவைக்க இயலவில்லை.

இரண்டாம் படி என்ன சேர்க்கும் என்பதற்குச் சந்திரயான்-3இன் ஒரு சிறு கருவியைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று, தென் துருவத்தை நோக்கி ஏறத்தாழ 69 டிகிரி தெற்கில் இறங்கிய விக்ரம் கலம், ‘சேஸ்ட்’ எனும் வெப்பமானியை மண்ணுக்குள் மெல்லச் செருகியது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசி, அதன்மேல் வரிசையாகப் பத்து உணரிகள். செருகிய இடத்தில் மேல்தரையின் வெப்பம் 82 டிகிரி செல்சியஸ் வரை போனது. ஒரு மீட்டர் தள்ளி, சமதரையில் அது சுமார் 59 டிகிரிதான். ஊசி இறங்கிய இடம் சூரியனை நோக்கி 6 டிகிரி சாய்ந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். நூற்றுக்கணக்கான மீட்டர் பரப்பை ஒரே புள்ளியாகப் பார்க்கும் சுற்றுக்கலத்தின் வெப்பக் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இது வெறும் நுணுக்கம் அல்ல. சின்னச் சரிவே வெப்பத்தை இப்படி மாற்றுமென்றால், அதே வட்டாரத்தில் துருவத்தின் பக்கம் போதிய அளவு சாய்ந்த சரிவுகளில், கொஞ்சம் ஆழத்திலேயே பனிக்கட்டி தங்கியிருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். நாளை நீர் தேடப் போகிறவர்கள் எங்கே தோண்டுவது என்பதையே இது மாற்றிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விக்ரமிலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தி போன தூரம் நூறு மீட்டர்தான்; அதை வைத்து ஒரு முழு உலகத்தைப் பற்றிப் பேசலாமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் பானை முழுக்க ஒரே அரிசி என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். அதைச் சொல்லும் வேலை சுற்றுக்கலத்துடையது. பிரக்யான் 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கலவை: நிலவின் மேட்டுநிலங்களுக்கே உரிய அனார்த்தோசைட் வகை. பிறந்த புதிதில் நிலவு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனம் குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து உறைந்தன என்ற கருத்துக்கு இது தென்பகுதியிலிருந்து கிடைத்த ஆதரவு. அதோடு எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் கூடுதலாக இருந்தது. சுமார் 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரம்மாண்டமான தென்துருவ-எய்ட்கென் படுகை உருவானபோது, ஆழத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட பாறைத்தூள் இதில் கலந்திருக்கலாம் என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடக் குழு 2024இல் விளக்கியது. நூறு மீட்டரில் எடுத்த அளவு, சுற்றுக்கலங்கள் வரைந்த வரைபடத்தோடு சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பொருள் தந்தது.

விக்ரமையும் பிரக்யானையும் அனுப்புமுன் சோதித்துப் பார்க்க நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டது. அதற்கு நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் அனார்த்தோசைட் பாறையைத்தான் பொடியாக்கிப் பயன்படுத்தினார்கள். நம்மூரிலேயே அதே பாறை கிடைக்கும்போது நிலவுக்குப் போவானேன் என்று கேட்கலாம். சக்கரம் புதையுமா என்று பார்க்க நாமக்கல் மண் போதும். நிலவின் வரலாற்றை அது சொல்லாது. காற்றும் மழையும் படாமல், கோடிக்கணக்கான ஆண்டுகள் சூரியக் காற்றும் நுண்கற்களும் தாக்கிய தடம் நிலவு மண்ணில் மட்டுமே இருக்கிறது. அதைப் படிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். பிரக்யானில் இருந்த கருவிகள் தனிமங்களைச் சொல்லும். பாறையின் வயதை நம்பகமாகச் சொல்ல ஐசோடோப்புகளைத் துல்லியமாக எண்ண வேண்டும். அதற்கான இயந்திரங்கள் ஒரு ஊர்திக்குள் அடங்குபவை அல்ல.

அப்போலோ பயணங்கள் 382 கிலோ கொண்டுவந்துவிட்டனவே, இன்னும் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அவை அனைத்தும் பூமியை நோக்கிய பக்கத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலிருந்து வந்தவை. 2020இல் சீனாவின் சாங்-இ-5 கொண்டுவந்த 1,731 கிராம், ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வயதுள்ள எரிமலைப் பாறை. அப்போலோ கற்களில் இவ்வளவு இளையது இல்லை. இதன் முக்கியத்துவம் நிலவோடு நிற்பதில்லை. செவ்வாய், புதன் தரைகளின் வயதை விஞ்ஞானிகள் கணிப்பது அங்குள்ள பள்ளங்களை எண்ணித்தான். இத்தனை பள்ளம் என்றால் இத்தனை வயது என்ற அளவுகோல் நிலவிலிருந்து வந்த கற்களை வைத்துச் செய்தது. புதிய இடத்துக் கல் ஒவ்வொன்றும் அந்த அளவுகோலைக் கூர்மையாக்கும். தொலைவிலிருந்து பார்த்ததை நெருங்கித் தொட்டுப் பார்ப்பது எப்படித் திருத்தும் என்பதற்குப் பென்னு என்ற சிறுகோள் ஒரு பாடம். தொலைவிலிருந்து எடுத்த வெப்ப அளவுகளை வைத்து அதன் தரை பொடிக்கற்கள் நிறைந்தது என்று கருதினார்கள். 2018இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் நெருங்கியபோது எங்கு பார்த்தாலும் பாறாங்கற்கள். 2020இல் அதன் கை தரையைத் தொட்டபோது எதிர்ப்பே இல்லாமல் அரை மீட்டர் உள்ளே போனது.

கடைசியாகப் பணம். விண்வெளித் துறையின் 2024-25 ஒதுக்கீடு சுமார் 13,000 கோடி. மத்திய பட்ஜெட்டோ 48 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் முப்பது பைசாகூட இல்லை. இதை நிறுத்தினால் வறுமை தீர்ந்துவிடாது. நடத்தினால் தீரும் என்று சொல்வதும் மிகை. அறிவைத் தேடுவதற்கு ஒரு நாடு தரும் விலை இது என்று நேராகச் சொல்வதே நாணயம். அப்படியென்றால், வாங்கிய அறிவு பலர் கையிலும் சேர வேண்டும். 2019இல் நொறுங்கிய சந்திரயான்-2இன் விக்ரம் சிதறிக் கிடந்த இடத்தை முதலில் சுட்டிக்காட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா எல்லோருக்கும் திறந்துவைத்த படங்களை அலசியே அவர் அதைச் சொன்னார். 2024 ஆகஸ்டில் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த முதல் தேசிய விண்வெளி தினத்தில் சந்திரயான்-3 தரவுகளும் பொதுவில் வைக்கப்பட்டன. மண் வரும்போதும் இதுவே நடக்க வேண்டும். பாறைகளின் வயதைக் கணிக்கும் கருவிகள் டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் ஏற்கெனவே உள்ளன. கலத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்கை இத்தகைய ஆய்வுக்கூடங்களுக்கும், அவற்றில் வேலை செய்யப்போகும் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இப்போதே ஒதுக்கினால்தான், நிலவிலிருந்து வரும் மண் கண்ணாடிப் பேழையில் காட்சிப்பொருளாக முடங்காமல் இருக்கும்.