சிற்றுந்தும் கலைஞரும்

சதத்துல்லா கான் பள்ளிவாசலைக் காணக் கோட்டைக்குள் செல்லும் வாசகர்கள், திரும்பும் வழியில் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் சற்றே நின்று பாருங்கள். அரசுப் பேருந்துகளுக்கிடையே சிற்றூர்களுக்குச் செல்லும் தனியார் வண்டிகளையும் காண்பீர்கள். அவற்றை வைத்தே நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பழைய வழக்கு நடக்கிறது. 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி அரசுத் துறையின் காவலரா, தனியாருக்குக் கதவு திறந்தவரா?

காவலர் என்போரிடம் சான்றுக்குக் குறைவில்லை. அவர் ஆட்சியில்தான் தனியார் பேருந்து வழித்தடங்கள் நாட்டுடைமையாகி, 1972இல் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்ற பெயர்களில் கழகங்கள் தோன்றின. 2006இல் நெய்வேலி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தபோது, அவருடைய எதிர்ப்பால் மன்மோகன் சிங் அரசு ஜூலை மாதம் பின்வாங்கியது. 1993 வரை நெய்வேலியும் செஞ்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அந்த மகிழ்ச்சி நம் வீட்டு மகிழ்ச்சியாகவும் இருந்தது.

மறுப்போர் வேறு ஏட்டைப் புரட்டுகின்றனர். பால்கோ 2001இலும், வி.எஸ்.என்.எல். 2002இலும் தனியார் கைக்குப் போனபோது, வாஜ்பாய் அமைச்சரவையில் தி.மு.க. அமர்ந்திருந்ததே! நெய்வேலிக்கு எழுந்த குரல் அப்போது எங்கே போயிற்று? நியாயமான கேள்விதான். கூட்டணிக் கணக்கு என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 1997இல் அவர் கொண்டுவந்த சிற்றுந்துத் திட்டத்தை இதே பட்டியலில் சேர்ப்பது சரியன்று. ஓடிக்கொண்டிருந்த அரசுப் பேருந்து எதையும் எடுத்துத் தனியாரிடம் கொடுத்த திட்டமன்று அது. பேருந்தே எட்டிப் பாராத ஊர்களுக்குத் தனியார் வண்டி ஓட்டலாம் என்றது. தடத்தையும் கட்டணத்தையும் வரையறுக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பல கல் தொலைவு நடந்த தாய்மார்கள் அதனால் பயன்பெற்றார்கள் என்பதை யார் மறுக்க முடியும்?

ஆயினும் அதன் விலை பின்னர் தெரிந்தது. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அது அரசின் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே என்றானது. நெடுஞ்சாலையோர ஊர்ப் பெண் காசின்றிச் செஞ்சி வந்தாள். சிற்றுந்தை மட்டுமே நம்பியிருந்த உள்ளூர்ப் பெண் காசு கொடுத்தாள். எந்தக் கிராமத்துக்கு அரசு வண்டி அனுப்பவில்லையோ, அந்தக் கிராமத்துக்கே அரசின் சலுகையும் போய்ச் சேரவில்லை. கலைஞர் இதை விரும்பியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். ஆனால் 1997இல் போட்ட தடம் அங்கேதான் கொண்டுவந்து விட்டது.

2025 ஜூன் 16 அன்று அவருடைய மகன் மு.க. ஸ்டாலின் தஞ்சையில் புதிய சிற்றுந்துத் திட்டத்தைத் தொடங்கினார். வழித்தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை கூடியது. வண்டியை ஓட்டுவதற்கு அப்போதும் தனியாரையே அழைத்தார்கள்.