பிள்ளையைப் பிடித்த கை

சித்திரத்தை எழுதுகிறோம், சிலையை வடிக்கிறோம், நிழற்படத்தை மாத்திரம் பிடிக்கிறோம். இந்த வினைச்சொல்லைத் தமிழுக்குத் தந்தவர் யாரோ அறியேன். அவர் ஒரு சிறு குழந்தையைக் கமராவின் முன் இருத்திப் பார்த்தவராகத்தான் இருத்தல் வேண்டும். ஓடுவதைத்தானே பிடிக்க வேண்டும்! வளர்ந்தவர் படத்துக்கு இருந்து கொடுப்பர். சால்வையைச் சரிசெய்து, முகத்தைத் திருத்தி, மூச்சையும் அடக்கிக்கொள்வர். குழந்தைக்கு அந்தத் தாட்சணியம் இல்லை. இரு என்றால் எழும்பும். சிரி என்றால் அழும். இங்கே பார் என்றால் தன் காற்பெருவிரலைப் பார்க்கும்.

ஆகவே, குழந்தைப் படம் ஒவ்வொன்றிலும் பிடிப்பவர் இருவர் உளர். ஒருவர் படத்தைப் பிடிப்பவர். மற்றவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்பவர். முன்னவர் பெயர் அட்டையின் அடியில் அழகாக அச்சாகும். பின்னவர் பெயர் எங்கும் இராது. பெரும்பாலும் அவர் உருவமும் இராது. அவரைப் பற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகிறேன்.

1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே டாகேர் என்பவரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளி தானே உருவெழுதிற்று. ஆயினும் அவ்வொளிக்கு அவகாசம் வேண்டியிருந்தது. நல்ல வெயிலிலும் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டில் வியன்னாவிலிருந்த பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர், ஒளியை மிகுதியாக உள்வாங்கும் வில்லை ஒன்றைக் கணித்துக் கொடுத்தார். 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படமெடுக்கும் முறையை வெளியிட்டார். நிமிடங்கள் விநாடிகளாயின. வளர்ந்தவர்க்கு அது போதும். அவர் பிடரிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவடு நிறுத்தப்படும். தலையை அதிற் சாய்த்துக்கொண்டு அவர் அசையாதிருப்பார். பழைய படங்களிலே நம் முன்னோர் ஏதோ கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர்போலத் தோன்றுவதற்கு அந்தக் கவடும் ஒரு காரணம். குழந்தைக்குக் கவடு ஆகுமா? ஐந்து விநாடி என்பது எமக்கு அற்பம். ஒரு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம்.

அதற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த படப்பிடிப்பாளர் ஓர் உபாயம் கண்டனர். தாயை நாற்காலியில் இருத்தி, தலை முதல் கால் வரை ஒரு துணியாற் போர்த்துவிடுவர். அவள் மடியிலே பிள்ளை இருக்கும். தாய் துணிக்குள்ளே நின்று இரு கையாலும் அதைப் பற்றிக்கொள்வாள். பார்ப்பவர்க்கு அது சீலை விரித்த ஆசனம் போலத் தோன்றும். உற்று நோக்கினால் அந்த ஆசனத்துக்கு முழங்காலும் தோளும் உண்டு! சில இடங்களில் தாய் திரைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டுவாள். சில படங்களிற் போர்வையும் இல்லை. படம் உருவான பின்னர் அவள் முகம் மாத்திரம் சுரண்டி அழிக்கப்பட்டிருக்கும். இத்தகைய படங்களைத் தேடிச் சேர்த்தவர் லிண்டா ஃபிரெக்னி நாக்லர் என்னும் கலைஞர். 2013ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்துக் கலைக் கண்காட்சியில் அவர் வைத்தவை 997 படங்கள். ‘மறைந்திருக்கும் தாய்’ என்பது அத்தொகுதியின் பெயர்.

இதைக் கண்டவுடன் அக்காலத்துப் படப்பிடிப்பாளரைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. நான் அப்படிச் சொல்லேன். காசு கொடுத்துப் படம் எடுப்பித்தவர்களுள் அந்தத் தாயும் ஒருத்தி. 1854இல் டிஸ்டேரி என்னும் பிரெஞ்சுக்காரர், ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். உள்ளங்கை அளவான அந்த அட்டைப் படங்கள் மலிவாயின. உறவினர்க்கு அனுப்பவும் தொகுப்பேட்டிற் செருகவும் பிள்ளையின் உருவம் ஒன்றே அவளுக்கு வேண்டியிருந்தது. குழந்தை மரணம் மலிந்திருந்த காலம் அது. இன்று மடியில் இருப்பது நாளை இருக்குமோ என்ற ஐயம் அவளுக்கு இருந்தது. தன்னை மறைத்தாயினும் அதனை நிறுத்திவிட விரும்பினாள். மறைந்திருந்தது அவள் சம்மதத்தோடுதான். ஆயினும் அந்தச் சம்மதம் பிற்காலத்துப் பிள்ளைக்கு என்ன செய்தது என்பது வேறு கேள்வி.

துணியும் கவடும் இன்றியே குழந்தையை நிறுத்திய ஒருவரும் அக்காலத்தில் இருந்தார். அவர் நம் நாட்டு மண்ணில் அடக்கமானவர். ஜூலியா மார்கரட் கமரன் அவர் பெயர். (கமரன் என்ற பெயருக்கும் கமரா என்ற சொல்லுக்கும் உறவில்லை, மாணவர் மயங்க வேண்டா.) கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் கமரனின் மனைவியே இவர். 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 48ஆம் வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு தொழிலைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவிலே தம் வீட்டுக் கோழிக்கூட்டைப் படக்கூடமாக்கிக்கொண்டார்.

ஒருநாள் இரண்டு குழந்தைகளை இருத்திப் படம் எடுத்தார். பாதியிலே ஒரு பிள்ளை சிரித்துவிட்டது, தகடு வீணாயிற்று. பின்பு ஒரு பிள்ளையை மட்டும் இருத்தினார். அசைந்தால் தம் மருந்துகளும் உழைப்பும் வீணாகுமே என்று அதனிடம் மன்றாடினார். பிள்ளை இரங்கிற்று; அசையாதிருந்தது. 1864 ஜனவரியில் எடுத்த அப்படத்துக்கு, ‘ஆனி, என் முதல் வெற்றி’ என்று பெயரிட்டார். அந்தப் படத்தை முழுவதும் ஆக்கியவள் அச்சிறுமியே என்று தமக்குத் தோன்றியதாகவும், அவளுக்குப் பரிசு கொடுக்க வீடு முழுவதும் ஓடித் தேடியதாகவும் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இங்கே பிள்ளையைப் பிடித்தது ஒரு சொல். படம் பிடித்தவரும் தம்மைப் பெரிதாகக் கருதவில்லை. குழந்தைப் படம் எடுப்போர் எல்லாரும் இந்தக் கதையை அறிந்திருத்தல் நன்று.

1875இல் அவர் கணவரோடு இலங்கைக்கு வந்தார். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார்; 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையிற் புதைக்கப்பட்டார். இங்கும் அவர் மக்களைப் படமெடுத்தார், எஞ்சியவை சிலவே. அவற்றுள் 1878இல் எடுத்த ஒன்று, ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்ற பெயரில் வழங்குகிறது. ஆங்கிலேயச் சிறுமிக்கு ஆனி என்ற பெயர் உண்டு. களுத்துறையாருக்கு ஊர்ப்பெயர் மாத்திரமே உண்டு. இவ்விரு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது என் மனம் அமைதி கொள்வதில்லை.

படம் என்றதும் பண்டிதன் பாட்டுக்குப் போய்விடுவான், பொறுத்தருள்க. குழந்தையைப் பருவம் பருவமாக வைத்துப் பார்க்கும் கலை நமக்குப் பழையது. ஐந்தாம் மாதத்திற் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடுதல். ஒன்பதாம் மாதத்திற் சப்பாணி: இருந்தபடி கைகொட்டுதல். ஓராண்டளவில் வாரானை: தளர்நடையிட்டு வருதல். இன்றைய ஸ்ரூடியோக்காரர், தலை நிமிர்த்தும்போது ஒன்று, இருக்கும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று எனப் படங்களை வகுத்து விலைப்பட்டியல் தொங்கவிடுகிறார்கள். பாட்டியல் நூல்களை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். குழந்தையே அந்த இலக்கணத்தை இருவருக்கும் கற்பித்திருக்கிறது.

பிள்ளைத்தமிழில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டுடைக் குழந்தை மட்டுமே நம் கண்முன் நிற்கும். தால் பாடுபவள் யார்? முத்தம் கேட்பவள் யார்? அம்புலியை அழைப்பவள் யார்? அவளைக் கவிஞர் வருணிப்பதில்லை. ஆயினும் பாட்டு முழுவதும் அவள் குரலே. பெரியாழ்வார் யசோதையாகி நின்று கண்ணனைப் பாடிய வழியிலிருந்து இது வருகிறது. துணி போர்த்த தாயும் பிள்ளைத்தமிழ்த் தாயும் மறைந்திருப்பவர்களே. முன்னவளிடமிருந்து ஒன்றும் எஞ்சவில்லை. பின்னவளிடமிருந்து குரல் எஞ்சியிருக்கிறது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிய வேறுபாடன்று.

1870களின் பிற்பகுதியில் உலர்தகடு கடைகளில் விற்பனைக்கு வந்தது. விநாடியின் சிறு கூறே போதுமாயிற்று; பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தேவை ஒழிந்தது என்று எண்ணத் தோன்றும். ஒழியவில்லை. இன்று பிறந்து இரு வாரம் நிரம்பாத சிசுக்களைப் படம் எடுப்பித்தல் பல நாடுகளில் ஒரு பெருந்தொழில். நம் நகரங்களுக்கும் அது வந்துவிட்டது. அந்நாட்களிற் குழந்தை மிகுதியாக உறங்கும். கருப்பையிற் கிடந்தவாறே சுருண்டு கொள்ளும். அறையைச் சூடாக்கி, பால் கொடுத்து உறங்கவைத்து, கூடையிலும் கம்பளியிலும் கிடத்துவர். அவற்றுள் ஒரு கோலத்துக்குத் தவளைக் கோலம் என்று பெயர். முழங்கைகளை ஊன்றி, இரு உள்ளங்கைகளிலும் தாடையை வைத்து, சிசு தானே நிமிர்ந்து உறங்குவதுபோல் அப்படம் இருக்கும். கழுத்து நிற்காத பிள்ளை அப்படி இருக்குமா? இராது. ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படமும், மணிக்கட்டைப் பிடித்திருக்க இன்னொரு படமும் எடுத்து, இரண்டையும் கணினியில் ஒட்டிக் கைகளை அழித்துவிடுவர். பிடிக்காமல் எடுப்பது ஆபத்து. ஆகையால் பிடிப்பதே முறை. நல்ல தொழிலாளர் அப்படித்தான் செய்வர். அவர்களை நான் குறைகூறவில்லை. நான் வியப்பது ஒன்றை. ஈரத்தகடு போய், உலர்தகடு போய், சுருளும் போய், கணினி வந்த பின்னும் அந்தக் கை போகவில்லை. அதை மறைக்கும் வழக்கமும் போகவில்லை.

என்னிடம் 1972ஆம் ஆண்டளவில் எடுத்த படம் ஒன்று உண்டு. யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்தது. பின்னாலே தூணும் படிக்கட்டும் எழுதிய திரை. முன்னாலே ஒரு முக்காலி. அதன்மேல் நெற்றியிற் பெரிய கறுப்புப் பொட்டோடு பத்து மாதப் பிள்ளையாக நான். பல்லுக்கொழுக்கட்டை சொரிந்த மறுநாள் எடுப்பித்தது என்று அம்மா சொல்லுவா. திரையின் விளிம்பிலிருந்து ஒரு கை நீண்டு என் அரையைப் பற்றியிருக்கிறது. இரண்டு காப்பு அணிந்த கை. பருவங்களுள் முதலாவதற்கும் காப்பு என்றே பெயர் என்பதை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வரும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டோம். படத் தொகுப்பேடு அலுமாரியிலே இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம், அலுமாரியும் இல்லை. இந்தப் படம் நன்னூற் காண்டிகையுரைக்குள் பக்க அடையாளமாகக் கிடந்து, என் பையோடு வந்து தப்பியது. அம்மாவின் இளமைக்கு வேறு சாட்சி இல்லை. முதுமையில் எடுத்த அடையாள அட்டைப் படம் உண்டு. அதிலே இருப்பவர் யாவர்க்கும் பொதுவான ஒரு முகம்.

சென்ற ஆண்டு அப்படத்தின் கீறல்களைத் திருத்துவிக்க எண்ணி ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டு போனேன். கணினியின் முன் இருந்த இளைஞர் நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர்.

“சேர், உந்தக் கையை எடுத்துவிடட்டோ? படம் வடிவாயிருக்கும். அதுக்குக் காசு வேண்டாம்.”

“வேண்டாம் தம்பி. உந்தக் கைக்காகத்தான் படத்தைக் கொண்டுவந்தனான்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. கையின்மேல் ஓடிய ஒரு கீறலை மாத்திரம் பெரிதாக்கி, காப்பின் வளைவு கெடாமல், நெடுநேரம் இருந்து திருத்தித் தந்தார்.

அதன் பின்னர் எம் கல்லூரி மாணவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள குழந்தைப் படம் ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் ஊர், ஆண்டு, உள்ளவர் பெயர், பிள்ளையைப் பிடித்திருப்பவர் பெயர் எல்லாம் எழுதிவருக என்றேன். பென்சிலால், அழுத்தாமல் எழுதவேண்டும். குமிழ்முனைப் பேனா எழுதினால் மை ஊறும், அழுத்தம் முகத்திலே தெரியும். ஒரு மாணவி தன் தந்தையின் முதலாம் பிறந்தநாட் படத்தைக் கொண்டுவந்தாள். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழங்கையும் சேலைக் கரையும் தெரிந்தன. அது அப்பம்மா என்கிறார் தந்தையார். இல்லை, தங்கள் பெரியமாமிதான் அன்று பிள்ளையை வைத்திருந்தா என்று கனடாவிலுள்ள அத்தை தொலைபேசியிற் சாதிக்கிறாராம். சேலை யாருடையது என்பதில் மட்டும் இருவரும் ஒத்திருக்கிறார்கள். அதை இருவருமே மாறி மாறி உடுத்ததுண்டாம். இரண்டு கிழமையாக வழக்கு நடக்கிறது; இதற்கிடையில் அக்குடும்பத்தார் முன்பு பேசாத பல கதைகளைப் பேசிவிட்டார்கள் என்றாள்.

“சேர், ரெண்டு பேரையும் எழுதி, பக்கத்திலே கேள்விக்குறி போடலாமோ?”

“போடலாம் பிள்ளை. அதையும் பென்சிலாலேயே போடும்.”