நீரிணை கடக்கும் பஸ் வண்டி

சிங்கப்பூரின் குவீன் வீதியிலே, புகிஸ் சந்தைக்கு அண்மையில், சிறியதொரு பஸ் நிலையம் உண்டு. அங்கே 170 என்னும் இலக்கம் தாங்கி நிற்கும் வண்டி, நகருக்குள் ஓடும் மற்றெல்லா வண்டிகளையும் போன்றதே. இருக்கைகள் அவ்வாறே, வழியில் உள்ள நிறுத்துமிடங்கள் அவ்வாறே, ஏறுவோர் தம் அட்டையைக் கருவியிற் காட்டிக் கட்டணம் செலுத்துவதும் அவ்வாறே. ஆயின் அவ்வண்டி சென்று சேரும் இடம் வேறொரு நாடு. மலேசியாவின் தென்கோடியிலுள்ள ஜோகூர் பாரு நகரத்தின் லார்கின் பஸ் நிலையமே அதன் முடிவிடம். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வரும் செலவிலே ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போய்விடலாம் என்பது கேட்போர்க்கு வியப்பாயிருக்கலாம். அவ்வழியில் நாள்தோறும் சென்று வருவோர்க்கோ வியப்பு வேறிடத்தில் இருக்கின்றது. பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு சிறிது. அதற்கு மேலாகக் கொடுக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

இரு நகரங்களையும் பிரிப்பது ஜோகூர் நீரிணை. அதன் குறுகிய பகுதி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகலமே உடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இறப்பரும் ஈயமும் புகையிரதத்தில் நீரிணையின் கரைவரை வந்து, அங்கிருந்து படகிலும் மிதவையிலும் ஏற்றப்பட்டுச் சிங்கப்பூர்த் துறைமுகத்தை அடைந்தன. சரக்குப் பெருகப் பெருக அந்த ஏற்பாடு போதாதாயிற்று. ஆகவே கடலின் நடுவே கருங்கல்லைக் கொட்டி ஓர் அணை எழுப்பப்பட்டது. 1923ஆம் ஆண்டில் அதன்மேல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆந் திகதி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் 1,056 மீற்றர். அங்குள்ள தமிழர் இதனைக் கடற்பாலம் என்று வழங்குவர். உண்மையில் இது பாலமன்று. கீழே நீரோட இடமில்லாத கல்லணை. என்றாலும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லை எவர் மாற்ற வல்லார்?

1942ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆந் திகதி, மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியப் படை கடைசி வீரனும் கடந்த பின்னர் இவ்வணையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. அடுத்த வாரமே ஜப்பானியர் நீரிணையைப் படகிற் கடந்து சிங்கப்பூரில் இறங்கினர். தகர்ந்த இடமும் விரைவிற் செப்பனிடப்பட்டது. இவ்வணையை உண்மையாகவே பிளந்தது வெடிமருந்தன்று; அரசியலே எனலாம். 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆந் திகதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. 1967ஆம் ஆண்டு முதல் அணையின் முனையிற் கடவுச்சீட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரே வீட்டின் இரு அறைகள் போலிருந்த ஊர்கள், வாயிலிற் காவல் வைத்த இரு வீடுகளாயின. உறவினர் இரு பக்கத்திலும் இருந்தனர். தொழில் ஒரு பக்கத்திலும் குடியிருப்பு மறுபக்கத்திலுமாக இருந்தோரும் பலர்.

நாணயமும் பிரிந்தது. இரு நாட்டுத் தமிழரும் தத்தம் நாணயத்தை வெள்ளி என்றே சொல்வர். மலேசிய நாணயத்தின் மலாய்ப் பெயராகிய ரிங்கிட் என்பதும், ஒருகாலத்தில் அந்நாடுகளிற் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசின் பல்லுப் பல்லான விளிம்பைக் குறித்துப் பிறந்த சொல்லே. 1967ஆம் ஆண்டில் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டபோது, ஒன்றுக்கு ஒன்று என்ற சமமதிப்பில் இரு பக்கத்திலும் அவை செல்லுபடியாகும் என்று உடன்பாடு செய்துகொண்டன. 1973ஆம் ஆண்டில் அவ்வுடன்பாடு முடிவுற்றது. அதன்பின் சிங்கப்பூர் வெள்ளி மெல்ல மெல்ல ஏறி, இக்காலத்தில் ஏறத்தாழ மூன்று ரிங்கிட் பெறுமதியுடையதாகிவிட்டது.

இந்த ஒன்றுக்கு மூன்று என்னும் கணக்கை அறியாதவருக்கு அப்பாதையின் பஸ் வண்டிகள் ஏன் நிரம்பி வழிகின்றன என்பது விளங்காது. ஜோகூரில் வாழும் ஒருவர் சிங்கப்பூரிற் கூலி பெற்றால், அக்கூலி நீரிணையைக் கடந்ததும் மும்மடங்காகின்றது. சிங்கப்பூரில் வாழ்பவர் ஜோகூருக்குச் சென்று அரிசியும் எண்ணெயும் வாங்கினால், முடிவெட்டிக்கொண்டு வயிறார உண்டு வந்தால், அவருடைய ஒரு வெள்ளி மூன்றாக நிற்கின்றது. கட்டணத்திலும் இந்த விசித்திரத்தைக் காணலாம். 2015ஆம் ஆண்டில் அணையின்மீது தொடங்கிய தெப்ராவ் புகையிரதச் சேவையில், சிங்கப்பூரிலிருந்து புறப்படுவோர்க்கு 5 வெள்ளி, ஜோகூரிலிருந்து புறப்படுவோர்க்கு 5 ரிங்கிட் என்று விதிக்கப்பட்டது. தூரம் ஒன்று, இருக்கை ஒன்று, இலக்கமும் ஒன்று. விலை மட்டும் மூன்றிலொன்று!

சிக்கனமாகப் பிரயாணம் செய்வோர் இதனை நன்கு அறிவர். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு நேரே செல்லும் சொகுசு வண்டிகள் உண்டு. அவற்றை விடுத்துப் பலர் குவீன் வீதியிலோ கிராஞ்சியிலோ மலிவான எல்லை பஸ்ஸில் ஏறி, லார்கின் நிலையத்தில் இறங்கி, அங்கே ரிங்கிட் கொடுத்துக் கோலாலம்பூருக்கோ மலாக்காவுக்கோ பினாங்குக்கோ சீட்டு வாங்குகின்றனர். மிச்சமாவது கணிசமான தொகை. 170ஆம் இலக்க வண்டியேயன்றி, மஞ்சள் நிறமுடைய கோஸ்வே லிங்க் வண்டிகளும் உட்லண்ட்ஸிலிருந்து 950ஆம் இலக்க வண்டியும் இவ்வழியில் ஓடுகின்றன. மேற்கே துவாஸில் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்பின் வழியாகவும் வண்டிகள் செல்வதுண்டு. எனினும் பெருங்கூட்டம் பழைய அணையையே நம்பியிருக்கின்றது.

இனி, அப்பிரயாணம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் காண்போம். புதிதாக வருவோர் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்திலேயே.

குவீன் வீதியிற் புறப்பட்ட வண்டி புக்கித் தீமா வீதி வழியாகத் தீவைத் தெற்கு வடக்காகக் குறுக்கறுத்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை அடைகின்றது. அங்கே எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மூட்டை முடிச்சு யாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லல் வேண்டும். ஏனெனில் இறங்கிய வண்டி காத்திராது. மேல்மாடிக்கு ஏறி, வரிசையில் நின்று, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனையை முடித்து, மறுபக்கம் இறங்கினால், அங்கே ஒவ்வொரு கம்பனிக்கும் இலக்கத்துக்கும் தனித்தனி வரிசை இருக்கும். முன்னர் வந்த அதே சேவையைச் சேர்ந்த எந்த வண்டி வந்தாலும் அதில் ஏறலாம். அதற்காகவே சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; அட்டையிற் கட்டணம் செலுத்துவோர் இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். பையை இருக்கையில் வைத்துவிட்டுச் சோதனைக்குப் போனவர், திரும்பி வந்து வேறொரு வண்டியையும் வேறொரு சாரதியையும் கண்டு திகைப்பது அங்கே புதுமையன்று.

மீண்டும் ஏறிய வண்டி அணையைக் கடக்கின்றது. பாதை வெறுமையாயிருந்தால் அது சில நிமிட நேர ஓட்டம். ஒரு பக்கத்தில் நீர்க்குழாய்கள் தொடர்ந்து வருவதைக் காணலாம். ஜோகூர் ஆற்றுநீரைச் சிங்கப்பூர் பெறுவதற்கு 1962ஆம் ஆண்டிற் செய்த ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டு வரை செல்லும். மனிதர் நிற்கும் வரிசையில் நீர் நிற்பதில்லை. மறுகரையில் 2008ஆம் ஆண்டு டிசம்பரிற் பயன்பாட்டுக்கு வந்த சுல்தான் இஸ்கந்தர் கட்டடம். அங்கே மறுபடியும் இறங்கி, மறுபடியும் ஏறி, மலேசியாவுக்குள் நுழையும் சோதனை. அதன்பின் நகரத்துக்குள் மட்டும் செல்வோர் மேம்பாலத்தால் நடந்தே வெளியேறலாம்; லார்கினுக்குச் செல்வோர் மூன்றாம் முறையாக வண்டி ஏறுவர்.

வெளிநாட்டவர் மலேசியாவுக்குள் நுழையுமுன்னர் மின்னணு வருகைப் படிவத்தை நிரப்பியிருத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு முதல் இது நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரியரும் மலேசியரும் இதற்கு விலக்கு. திரும்பும் வழியிற் சிங்கப்பூர்ச் சுங்கத்தார் கண்டிப்பானவர்கள். சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது. மலேசியாவிலிருந்து வருவோர்க்கு மதுவுக்கும் கிடையாது. மெல்லும் கோந்தை விற்பனைக்காகக் கொண்டுவருதல் 1992ஆம் ஆண்டு தொட்டுக் குற்றம்.

எப்பொழுது செல்லலாம் என்பதே எல்லாவற்றிலும் பெரிய வினா. உட்லண்ட்ஸ் சாவடியை நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடக்கின்றனர். காலையில் வெள்ளம் தெற்கே பாயும். மாலையில் வடக்கே திரும்பும். பிரயாணி அதற்கு எதிர்த்திசையிற் செல்ல வல்லராயின் அரைமணி நேரத்தில் எல்லையைக் கடந்துவிடவும் கூடும். வெள்ளிக்கிழமை மாலையிலோ பாடசாலை விடுமுறைத் தொடக்கத்திலோ சென்றால் மூன்று மணி நேரமும் ஆகலாம். 2014ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கம் சனியும் ஞாயிறுமாக மாறிற்று. விடுமுறை இரு பக்கத்திலும் ஒன்றாகிவிட்டமையால், கூட்டமும் ஒரே நாளிற் கூடுகின்றது. நெரிசல் எல்லை மீறும் வேளைகளில், வண்டியில் இருந்து சலித்தவர்கள் இறங்கி அணையின் ஓரமாக நடந்தே செல்வதும் உண்டு.

இதுவரை சொன்னது எப்போதாவது செல்லும் பிரயாணிக்கு. நாள்தோறும் செல்பவரின் நிலை வேறு. ஜோகூரின் குடியிருப்புகளிலே அதிகாலை நான்கு மணிக்கே விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. தொழிற்சாலைக்குச் செல்வோர், காவல் தொழில் செய்வோர், துப்புரவு செய்வோர், உணவுக்கடைகளில் நிற்போர் எனப் பலர் இருளிலே புறப்படுகின்றனர். மோட்டார்ச் சைக்கிள் உடையோர் அதில் விரைவர், மற்றையோர்க்குப் பஸ். மலாயரும் சீனரும் போலவே தமிழரும் இவர்களுள் உளர். சிங்கப்பூரில் பஸ் ஓட்டும் சாரதிகளிற் பலர் மலேசியராவர்; பொழுது விடியுமுன் முதல் வண்டியை எடுக்கும் சாரதி, அதற்கு முன்பே தாம் ஒரு முறை எல்லையைக் கடந்து வந்தவராயிருத்தல் கூடும். எட்டு மணி நேர வேலைக்கு முன்னும் பின்னும் இவர்கள் வழியிற் செலவிடுவது நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி. மாதக் கூலியை மூன்றாற் பெருக்கிக் காட்டுவோர் இந்த மணிகளைக் கழித்துக் காட்டுவதில்லை. பணமுடையோர் சிங்கப்பூரிலேயே அறை வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றனர். இல்லாதோரே உறக்கத்தைக் கொடுத்து வாடகையை மிச்சம் பிடிக்கின்றனர்.

இவ்வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பது 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் புலப்பட்டது. கொரோனாத் தொற்றைத் தடுக்க மலேசியா 18ஆந் திகதி முதல் எல்லையை மூடப்போவதாக 16ஆந் திகதி இரவு அறிவித்தது. மறுநாள் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் பையுடனும் தலையணையுடனும் சிங்கப்பூருக்கு விரைந்தனர். வேலையா வீடா என்று ஒரே நாளிற் தெரிந்தெடுக்க வேண்டிய நிலை. தங்க இடமின்றிப் புகையிரத நிலைய வாசலிற் படுத்தோரும் உண்டு. சில வாரங்கள் என்று எண்ணிச் சென்றவர்களிற் பலர் பிள்ளைகளை நேரிற் காண ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். 2021ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, தடுப்பூசி பெற்றோர்க்கென முதலில் ஓடவிடப்பட்டதும் பஸ் வண்டிகளே. பக்கத்துக்கு நாளொன்றுக்கு 1,440 பேர் மட்டும். அன்று லார்கின் நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்கியோரையும் காத்து நின்றோரையும் காட்டிய படங்களை உலகம் கண்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி தரைவழி முழுமையாகத் திறக்கப்பட்டது.

நெரிசலுக்கு மருந்தாக இரு அரசாங்கங்களும் அணைக்கு அருகே ஒரு புதிய விரைவுப் புகையிரதப் பாதையை அமைக்க முற்பட்டன. ஜோகூரின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீற்றர்ப் பாதை அது. மணிக்கு ஒரு திசையிற் பதினாயிரம் பேரைக் கொண்டுசெல்லத் தக்கதாகத் திட்டமிடப்பட்டது. 2026ஆம் ஆண்டின் இறுதியைச் சேவை தொடங்கும் காலமாகக் குறித்தனர். வேகத்தினும் சிறந்தது அதன் சோதனை முறை. இரு நாட்டு அதிகாரிகளும் புறப்படும் நிலையத்திலேயே அருகருகே இருந்து கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவர்; இறங்குமிடத்தில் வரிசையில்லை. பஸ் பிரயாணியை வாட்டுவது அணையின் நீளமன்று, இருமுறை ஏறி இறங்குவதே என்பதைத் திட்டமிட்டோர் உணர்ந்திருக்கின்றனர்.

ஆயினும் அப்புகையிரதம் எல்லையிலிருந்து எல்லைக்கே செல்வது. புக்கித் தீமா வீதியின் நிறுத்தமொன்றில் ஏறி லார்கினில் இறங்க வேண்டியவருக்கு அது பாதி வழி மட்டுமே. அவருக்கு இன்னும் பஸ்ஸே உதவுகின்றது. மாலையில் குவீன் வீதியில் வண்டி புறப்படுகையில் இருக்கை கிடைத்தோர் உடனே கண்ணயர்கின்றனர். உட்லண்ட்ஸ் வந்ததும் எழுப்பிவிடும்படி பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவைத்துவிட்டு, பையின் வாரை மணிக்கட்டிற் சுற்றிக்கொண்டு உறங்குகின்றனர்.