ஆவுளியாவின் நிலமும் பொழுதும்

ஆயர் ஈத்தாம் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய்மொழியில் 'கருநீர்' என்பது பொருள். மட்கலக் கடைகளால் பெயர்பெற்ற அவ்வூர் ஜொகூர் மாநிலத்துச் சாலைகள் கூடும் சந்தியாகும். அங்கிருந்து மேற்கே செல்லும் சாலை பத்து பகாட்டை அடைகிறது. கிழக்கே செல்லும் சாலை குளுவாங்கைக் கடந்து, மெர்சிங் கடற்கரைக்கு வழிகாட்டுகிறது. அக்கரைக்கு அப்பால் சிபு, திங்கி முதலிய தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீரிலே, கடலடியில் வளரும் புல்லை மேய்ந்து வாழும் விலங்கொன்று உண்டு. மலாய்மக்கள் அதனை 'டூயோங்' என்பர். பாக்கு விரிகுடாக் கரையில் வாழும் தமிழ் மீனவர் 'ஆவுளியா' என்பர். கடற்பசு என்பதும் அதற்கு வழங்கும் பெயரே.

காட்டு விலங்கைக் காக்க வேண்டுமாயின் காட்டுக்கு வேலியிடலாம். கடல்விலங்குக்கு வேலி ஏது? அது எங்கே மேய்கிறது, எங்கே கன்றை வளர்க்கிறது, எவ்வழியே செல்கிறது என்பவற்றை அறிந்து வரைபடம் ஆக்குவதே அங்குக் காவலின் முதற்படியாகும்.

மெல்லப் பெருகும் உயிர்

ஆவுளியா மீனினம் அன்று. திமிங்கிலத்தைப் போல நுரையீரலால் மூச்சுவிட்டுக் கன்றீன்று பாலூட்டும் விலங்கு அது. ஆயினும் உறவுமுறையில் அது திமிங்கிலத்தைவிட யானைக்கே நெருங்கியது. வளர்ந்த ஆவுளியா ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ வரை எடையும் உடையது. 70 ஆண்டு வரையும் வாழவல்லது. அதன் சூற்காலம் 13 அல்லது 14 மாதம். ஒருமுறைக்கு ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்குள் 3 முதல் 7 ஆண்டுகள் கழிந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் சில தாய்விலங்குகள் வலையிற் சிக்கி மூச்சடைத்து இறந்தாலும் போதும், சிறிய கூட்டமொன்று சில தலைமுறைகளில் தேய்ந்து மறைந்துவிடும்.

இவ்வாறு மறைந்த இனத்துக்கு வடகடல் சான்று தருகிறது. ஆவுளியாவின் நெருங்கிய உறவான பெருங்கடற்பசு ஒன்று, ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையேயுள்ள பேரிங் கடலின் குளிர்நீரில் வாழ்ந்தது. 1741-இல் பேரிங் தலைமையிற் சென்ற கப்பல், பின்னர் அவர் பெயரையே பெற்ற தீவில் உடைந்தது. உடன்சென்ற இயற்கை அறிஞர் இசுடெல்லர் அவ்விலங்கைக் கண்டு விரிவாக எழுதிவைத்தார். அது 8 மீட்டர் வரை நீளமுடையது. கரையோரக் கடற்பாசியை மேய்ந்து வாழ்ந்தது. அதன்பின் அவ்வழியே வந்த தோல்வேட்டைக்காரர் உணவுக்காக அதனைக் கொன்றனர். 1768-ஆம் ஆண்டளவில், அறிவுலகம் அதனை அறிந்து 27 ஆண்டுகளுக்குள், அவ்வினம் அற்றுப்போயிற்று. அதன் வாழிடத்தைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அக்காலத்தில் அமையவில்லை.

வரைபடம் உருவாகும் முறை

இன்று அறிஞர் மூன்று வழிகளில் ஆவுளியாவின் வாழிடத்தை அறிகின்றனர். முதலாவது, மீனவரைக் கேட்டறிதல். ஆண்டு முழுதும் கடலிற் செல்வோரின் நினைவு, ஆய்வாளர் சில நாளிற் காண்பதைவிட நீண்டது. இரண்டாவது, வானிலிருந்து எண்ணுதல். சிறு விமானம் ஒரே உயரத்தில், முன்னரே வகுத்த நேர்க்கோடுகளில் பறக்கும். இருபுறமும் அமர்ந்தோர் கண்ட விலங்குகளை இடத்தோடு குறிப்பர். நீரில் மூழ்கியிருந்தமையால் கண்ணுக்குத் தப்பியவற்றுக்கும் கணக்கில் இடம்விடுவர். மூன்றாவது, மேய்ச்சற் சுவடு. ஆவுளியா புல்லை வேரோடு பறித்துண்பதால் கடலடியில் வளைந்து செல்லும் சால்கள் தோன்றும். உழவன் உழுத சாலைப் போன்ற அவற்றை அளந்தால், விலங்கையே காணாமலும் அதன் மேய்ச்சல் நிலத்தை அறியலாம்.

ஜொகூரின் கீழ்க்கரையில் இப்பணி நடைபெற்றுள்ளது. கடல்வாழ் பாலூட்டிகளை ஆராயும் 'மரேசெட்' என்னும் மலேசிய அமைப்பு 2012-இல் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியவருள் ஒருவரான டாக்டர் லூயிசா பொன்னம்பலமும் அவருடன் உழைத்தோரும் சிபு, திங்கி தீவுகளைச் சூழ்ந்த நீரில் வானிலிருந்தும் நீருக்குள்ளிருந்தும் ஆவுளியாக்களை ஆராய்ந்தனர். தாயும் கன்றுமாகச் செல்பவற்றையும் அங்குக் கண்டனர். கன்று வளரும் இடம் என்பது வெறும் வழித்தடத்தினும் பன்மடங்கு மதிப்புடையது.

நிலத்திலிருந்து அளந்த எல்லை

மலேசியாவில் ஆவுளியாவுக்குச் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. 1999-இல் வந்த மீன்வள விதிகள் அதனைப் பிடிப்பதைத் தடுக்கின்றன. மேலும் 1994-ஆம் ஆண்டு ஆணைப்படி, மெர்சிங் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளைச் சுற்றி 2 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், கடற்பூங்காவாக வகுக்கப்பட்டுள்ளது. பவளப்பாறைகளுக்கு அவ்வளவை பெரும்பயன் தருவது. ஆனால் அது தீவின் கரையிலிருந்து அளந்த எல்லை. விலங்கின் வாழ்விலிருந்து அளந்தது அன்று. புல்லையும் கன்றையும் நாடி அலையும் ஆவுளியாவுக்கு அவ்வெல்லை தெரியாது. எல்லைக்கு வெளியே விரித்த வலையும், விரையும் படகும் அதற்குக் கேடு செய்யும்.

இக்குறையை உணர்ந்தே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் துணையோடு 2013-இல் அறிஞர் குழுவொன்று அமைந்தது. திமிங்கிலம், ஓங்கில், ஆவுளியா முதலியவற்றுக்கு இன்றியமையாத கடற்பகுதிகளை உலகம் முழுதும் வரைபடத்திற் குறிப்பது அதன் நோக்கம். தென்கிழக்காசியக் கடல்களை ஆராயும் அதன் கூட்டம் 2018 மார்ச்சில் கோத்தா கினபாலுவில் நடைபெற்றது. இனத்தின் நலிவு, அதன் பரவலும் தொகையும், இனப்பெருக்கம் மேய்ச்சல் முதலிய வாழ்வுச் செயல்கள், தனிச்சிறப்பு ஆகிய நான்கும் அங்கு அளவுகோல்கள். அவ்வாறு குறித்த பகுதிக்குச் சட்டவலிமை எதுவும் இல்லை. 'இங்கே ஓர் உயிர் வாழ்கிறது' என்று அறிவிப்பதே அதன் வேலை. காவல் செய்வது அரசின் கடமையாக எஞ்சுகிறது.

நிலத்தோடு பொழுதும்

தமிழ் கற்றோருக்கு இம்முயற்சி புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியம் நிலத்தை வெற்றிடமாகக் கருதவில்லை. உணவு, விலங்கு, மரம், புள், தொழில் எனக் கருப்பொருள்களோடு சேர்த்தே ஒவ்வொரு நிலத்தையும் உணர்த்துகிறது. முதற்பொருளைக் கூறும்போது நிலம், பொழுது என்னும் இரண்டையும் இணைக்கிறது. பொழுதை விட்டு நிலத்தை மட்டும் கொண்டால் திணை நிரம்பாது. கடல் வரைபடத்துக்கும் இதுவே பொருந்தும் என்பதை வடகடல் மீண்டும் காட்டிற்று.

வட அட்லாண்டிக்கில் வாழும் ரைட் திமிங்கிலம், 'வேட்டைக்குத் தக்கது' என்னும் பொருளில் வேட்டைக்காரர் இட்ட பெயரை உடையது. மெல்ல நீந்துவதும், இறந்தால் மிதப்பதும் அதற்குப் பகையாயின. இன்று எஞ்சியவை 400-க்கும் குறைவு. கனடாவின் பண்டி விரிகுடாவில் அவை கூடுமிடத்தை அறிஞர் ஆண்டுக்கணக்கில் குறித்து வரைந்தனர். அதன் பயனாக, 2003-இல் அங்குக் கப்பல் செல்லும் பாதையே விலக்கி அமைக்கப்பட்டது. ஒரு விலங்கின் வாழிடத்தை அறிந்து வாணிகக் கப்பல்கள் வழிவிட்டது பெருஞ்செயலாகும்.

ஆனால் கடல் வெப்பம் உயர்ந்தது. அத்திமிங்கிலம் உண்ணும் நுண்ணிய ஓட்டுயிர்கள் பழைய இடத்திற் குறைந்தன. உணவைத் தேடித் திமிங்கிலங்கள் வடக்கேயுள்ள செயிண்ட் லாரன்சு வளைகுடாவுக்குப் பெயர்ந்தன. அங்கு அவற்றுக்கென வகுத்த காவல் இல்லை. 2017-ஆம் ஆண்டு கனடா நீரில் மட்டும் 12 திமிங்கிலங்கள் இறந்துகிடந்தன. காரணம் அறியப்பட்டவற்றுட் பல கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிற்றிற் சிக்கியும் மாண்டவை. அதன்பின்னரே அவ்வளைகுடாவில் கப்பல் வேகத்துக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. முன்னைய வரைபடம் பிழையானது அன்று. அதன் பொழுது கடந்துவிட்டது.

மெர்சிங் கடலுக்கு இதில் பாடம் உண்டு. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்றால் அங்குக் கடல் கொந்தளிக்கும், நீர் கலங்கும். சிறு விமானத்திலிருந்தும் படகிலிருந்தும் விலங்கைக் காண்பது அப்போது கடினம். அமைதியான மாதங்களின் குறிப்புகளைக் கொண்டு மட்டும் வரைந்த படம் பாதிப் படமே. மழைக்காலத்து ஆவுளியாவை அறிய மீனவர் சொல் இன்றியமையாதது. மேலும் உள்நாட்டில் காடழித்தால் ஆறுகள் சுமந்துவரும் வண்டல் கடல்நீரைக் கலக்கும். ஒளி புகாத நீரில் கடற்புல் மடியும். புல் மடிந்த இடத்தில் வரைபடக் கோடு மட்டும் எஞ்சியிருந்து பயனில்லை.

தமிழகத்திலும் இக்கடமை தொடங்கியுள்ளது. 2022 செப்டம்பரில் பாக்கு விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அக்கோடும் புல் வளரும் இடத்தையும், விலங்கு பெயரும் காலத்தையும் பின்பற்றித் திருத்தப்பெற்று வந்தாலே நிலைத்த பயன் தரும். டூயோங் என்றாலும் ஆவுளியா என்றாலும் விலங்கு ஒன்றே; அதற்கு வேண்டுவன புல்வளர் நிலமும், கன்று வளரப் பொழுதும் ஆகும்.